பழைய நிரலும் புதிய இயங்குதளமும்: கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு பாடம்

கிராமத்தின் பொருளாதார வாழ்வில் கூட்டுறவுச் சங்கம் வகிக்கும் இடம் யாவரும் அறிந்ததே. விதைக்கும் உரத்திற்கும் கடன் பெறுவதும், நகையை ஈடு வைத்து அவசரச் செலவைச் சமாளிப்பதும், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைப் போட்டு வைப்பதும் அங்கேதான். இத்தனை காரியங்களுக்கும் ஆதாரமாக விளங்குவது கணக்கு. ஒரு காலத்தில் அக்கணக்கு பேரேட்டில் மையால் எழுதப்பட்டு வந்தது. பிறகு கணிப்பொறி வந்தது. 1990-ஆம் ஆண்டுகளிலும் அதற்குப் பின்னரும் பல சங்கங்கள் தங்கள் பேரேட்டைக் கணிப்பொறியில் ஏற்றின. அந்தக் கணிப்பொறிகளும் அவற்றில் ஓடிய நிரல்களும் இன்று முதுமை எய்திவிட்டன. அவற்றில் அடங்கியுள்ள கணக்கைச் சேதமின்றிப் புதிய இயந்திரத்திற்குக் கொண்டுவருவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் திட்டத்திற்கு 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது. எல்லாச் சங்கங்களும் ஒரே வகையான பொது நிரலில் கணக்கு வைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். எனவே பழைய கணக்கைப் புதிய இடத்திற்கு மாற்றும் வேலை கிராமத்தின் வாசலுக்கே வந்துவிட்ட வேலையாகும். அதனை நிபுணர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கியிருக்கலாகாது. நிபுணருக்கு இயந்திரம் தெரியும். கணக்கின் உண்மை சங்கத்தாருக்கே தெரியும். கட்டி முடித்த கடனைக் கட்டவில்லை என்று புதிய நிரல் காட்டுமாயின், அதனால் துன்புறுபவர் ஏழை அங்கத்தினரே அன்றி நிரல் எழுதியவர் அல்லர்.

முன்பொரு மாற்றம்

இத்தகைய மாற்றம் நமது நாட்டிற்குப் புதியதன்று. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று இந்தியாவில் தசாம்ச நாணய முறை அமுலுக்கு வந்தது. அதற்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 பை. அன்று முதல் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா ஆயிற்று. ஓர் அணாவின் சரியான மதிப்பு 6.25 நயா பைசா. கால் நயா பைசாவுக்கு நாணயம் இல்லாமையால் ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 நயா பைசா என்று மாற்று அட்டவணை வகுக்கப்பட்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒருவர் மூன்று முறை ஓரோர் அணாவாகச் செலுத்தியிருந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றிக் கூட்டுகையில் 18 நயா பைசா வரும். மூன்று அணாவையும் முதலில் கூட்டிப் பிறகு மாற்றினால் 19 வரும். கணக்கு ஒன்றே, மாற்றும் வரிசை வேறுபட்டதால் விடையும் வேறுபட்டது. ஆகவே மாற்றத்திற்கு முன்பே விதியைத் தெளிவாக எழுதி வைத்தல் வேண்டும் என்பது முதற்பாடம். பழைய காசும் புதிய காசும் சிலகாலம் ஒருங்கே புழங்கின. மக்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பழகிய பின்னரே பழையது விலகிற்று. ‘நயா’ என்ற அடைமொழியும் 1964-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீக்கப்பட்டது. பழையதையும் புதியதையும் சிலகாலம் இணைத்து நடத்துதல் வேண்டும் என்பது இரண்டாம் பாடம். கணிப்பொறிக் கணக்கின் மாற்றத்திற்கும் இவ்விரு பாடங்களும் அப்படியே பொருந்தும்.

இயங்குதளம் என்பது யாது?

கணிப்பொறியில் மூன்று அடுக்குகள் உண்டு எனக் கொள்ளலாம். அடியில் இருப்பது இயந்திரம். மேலே இருப்பது கடன், வட்டி, சேமிப்பு முதலியவற்றைக் கணக்கிடும் நிரல். இரண்டிற்கும் நடுவே இருந்து, விசைப்பலகையில் தட்டியதை நிரலுக்குச் சொல்வதும், நிரல் தருவதை வன்தட்டில் எழுதுவதும், அச்சுப்பொறிக்கு அனுப்புவதும் இயங்குதளத்தின் வேலை. நிலமும் பயிரும் போல இவை ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரு மண்ணுக்கென்று தேர்ந்த பயிர் மற்றொரு மண்ணில் அப்படியே வளர்வதில்லை. அதுபோல ஓர் இயங்குதளத்திற்கென எழுதிய நிரல் மற்றொன்றில் அப்படியே ஓடுவதில்லை.

1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனிக்கணிப்பொறியுடன் வெளிவந்தது எம்.எஸ். டாஸ் என்னும் இயங்குதளம். அதில் ஓடுவதற்கென டிபேஸ், பாக்ஸ்புரோ, கிளிப்பர் முதலிய சாதனங்களால் இயற்றப்பட்ட கணக்கு நிரல்கள் நமது நாட்டில் பெருவழக்காக இருந்தன. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அம்புக்குறி விசையால் தேர்வு, டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியின் ஓசை ஆகியவை அக்காலத்து அலுவலகங்களின் அடையாளங்கள். அந்நிரல்கள் எளியவை, சிறிய இயந்திரத்திலும் விரைந்து ஓடின. அவற்றை எழுதியவர்கள் தம் தொழிலில் வல்லவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

பழையது ஏன் நின்றுபோகிறது?

நேற்றுவரை ஓடிய நிரல் புதிய கணிப்பொறியில் ஏன் ஓடுவதில்லை என்று பலரும் வியக்கின்றனர். அதற்குரிய காரணங்கள் வருமாறு:

முதலாவது, செயலியின் முறை மாறியது. டாஸ் நிரல்கள் 16 பிட் முறையில் அமைந்தவை. இன்றைய இயங்குதளங்கள் 64 பிட் முறையில் இயங்குகின்றன. அம்முறையில் இயங்கும் செயலி, டாஸ் நிரல்களுக்கு வேண்டிய பழைய வசதியைத் தருவதில்லை. 32 பிட் விண்டோஸ் பதிப்புகளில் பழைய நிரலை ஓட்டும் ஏற்பாடு ஒன்று இருந்தது. விண்டோஸ் 10-இன் 32 பிட் பதிப்போடு அதுவும் முடிந்தது. 2021-இல் வெளியான விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை.

இரண்டாவது, துணைச் சாதனங்கள் மாறின. பழைய நிரல் அச்சுப்பொறியின் இணைத்துறைக்கு நேரே எழுத்துகளை அனுப்பும். புதிய கணிப்பொறிகளில் அத்துறையே காண்பதரிது. நிரலைக் களவிலிருந்து காக்க அத்துறையில் செருகி வைத்த பூட்டுத்துண்டும் அதனால் இடமிழந்தது. பிளாப்பித் தட்டைப் படிக்கும் கருவியும் புதிய இயந்திரங்களில் இல்லை.

மூன்றாவது, வேகமே சில நிரல்களுக்கு விரோதியாயிற்று. டர்போ பாஸ்கல் மொழியில் ஒரு குறிப்பிட்ட துணைநிரலைச் சேர்த்து எழுதியவை, தொடங்கும்போது இயந்திரத்தின் வேகத்தை அளந்து பார்க்கும். ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட வேகமுள்ள செயலிகளில் அந்த அளவீடு தடுமாறி, 200 என்னும் எண்ணுள்ள பிழையைக் காட்டி நிரல் நின்றுவிடும்.

நான்காவது, பாதுகாப்பு நின்றது. இயங்குதளத்தை ஆக்கிய நிறுவனம் ஒரு நாளைக் குறித்து, அதன்பின் குறைகளைத் திருத்தித் தருவதை நிறுத்திவிடுகிறது. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 என அந்நாட்கள் அமைந்தன. 2017 மே மாதத்தில் வானாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது. திருத்தம் பெறாத இயந்திரங்களே அதற்கு இரையாயின. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பல அதனால் அல்லலுற்றன.

இவற்றோடு, பழைய இயந்திரமும் தேய்கிறது. அதனுள்ளே நாள்காட்டியை ஓட்டும் சிறு மின்கலம் வலுவிழந்தால், இயந்திரத்தை ஏற்றும்போது தேதி பல ஆண்டுகள் பின்னுக்குச் செல்லும். அதைக் கவனியாது பதிவு செய்தால் வட்டி முழுவதும் பிழையாகும்.

முதற்கடமை: பிரதி எடுத்தல்

மாற்ற வேலையின் முதற்படி புதிய நிரலை வாங்குவதன்று. பழையதைப் பிரதி எடுப்பதேயாகும். நாற்றைப் பிடுங்குமுன் வயலைத் தயார் செய்யாத உழவரும் இல்லை. விதைநெல் முழுவதையும் ஒரே நாற்றங்காலில் கொட்டுபவரும் இல்லை.

பழைய வன்தட்டின் முழுப் பிரதி ஒன்றை, ஒரு கோப்பும் விடாது எடுத்தல் வேண்டும். டிபேஸ், பாக்ஸ்புரோ நிரல்களில் கணக்கு டி.பி.எப். என்னும் பின்னொட்டுள்ள கோப்புகளில் இருக்கும். அவற்றை மட்டும் எடுத்தால் போதாது. நீண்ட குறிப்புகள் டி.பி.டி. அல்லது எப்.பி.டி. கோப்புகளிலும், வரிசை அடைவுகள் வேறு கோப்புகளிலும் இருக்கும். அடைவைப் புதிதாக உண்டாக்கிக் கொள்ளலாம். குறிப்புக் கோப்பு போனால் போனதுதான்.

பிரதிகள் மூன்று இருத்தல் நலம்: ஒன்று வேலைக்கு, ஒன்று சங்கத்தின் இரும்புப் பெட்டியில், மற்றொன்று சங்கக் கட்டிடத்திற்கு வெளியே நம்பத்தக்க இடத்தில். வேலைக்குரிய பிரதியில் மட்டுமே பரிசோதனை செய்தல் வேண்டும். மூலத்தின்மேல் எவரும் கை வைக்கலாகாது.

பிரதி எடுத்தபின் ஒரு பட்டியல் எழுதுக. எந்த எந்த நிரல்கள் உள்ளன, ஒவ்வொன்றையும் யார் எதற்குப் பயன்படுத்துகிறார், என்னென்ன அறிக்கைகள் அச்சாகின்றன, மூல நிரல் யாரிடம் உள்ளது என்பவை அதில் இடம்பெறல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை தணிக்கையின்போது மட்டும் ஓடும் நிரலே பெரும்பாலும் மறக்கப்படுவது.

நான்கு வழிகள்

பழைய நிரலை நோக்கி நாம் கைக்கொள்ளத்தக்க வழிகள் நான்கு.

ஒன்று, பழைய சூழலைப் புதிய இயந்திரத்தினுள் பாவனையாக அமைத்தல். டாஸ்பாக்ஸ் என்னும் இலவச நிரல் டாஸ் இயந்திரத்தையே பாவனை செய்து காட்டும். ஆனால் அது முதன்மையாகப் பழைய விளையாட்டு நிரல்களுக்கென இயற்றப்பட்டது. அச்சிடுதல், பலர் ஒரே கோப்பில் வேலை செய்தல் ஆகியவற்றை அதனிடம் நம்பி ஒப்படைத்தல் கூடாது. மெய்ந்நிகர் இயந்திரம் ஒன்றை அமைத்து, அதில் பிரீடாஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றுவது மற்றொரு முறை. 1994-ஆம் ஆண்டில் தொடங்கிய அம்முயற்சி இன்றும் நடைபெறுகிறது. விண்டோஸுக்கென எழுதிய நிரலை லினக்ஸில் ஓட்ட விரும்புவோர்க்கு வைன் என்னும் சாதனம் உண்டு.

இரண்டு, மூல நிரலைப் புதிய இயங்குதளத்திற்கு ஏற்ப மீண்டும் தொகுத்தல். கிளிப்பர் மொழியில் எழுதிய மூலம் கையில் இருந்தால், ஹார்பர் என்னும் கட்டற்ற தொகுப்பியைக் கொண்டு விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் உரிய நிரலாக அதை ஆக்கலாம். மூலம் இல்லையேல் இவ்வழி அடைபட்டது.

மூன்று, புதிய நிரலை ஏற்றுக்கொண்டு தரவை மட்டும் மாற்றுதல். பொதுத்திட்டத்தில் சேரும் சங்கங்களுக்கு இதுவே வழி. உழைப்பு மிகுதி, பயனும் மிகுதி.

நான்கு, பழைய நிரலில் புதுப்பதிவை நிறுத்திப் பார்வைக்கு மட்டும் வைத்தல். முடிந்துபோன கடன்களின் வரலாற்றைப் பார்ப்பதற்கு இது போதுமானது.

நமது பரிந்துரை, மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துக் கைக்கொள்வதாகும். நடப்புக் கணக்கு புதிய நிரலுக்குச் செல்லட்டும். பழைய நிரலும் தரவும் பாவனைச் சூழலில் பார்வைக்கு இருக்கட்டும். முதல் வழியை மட்டும் கைக்கொண்டு நிற்பது பழுதான கரையில் மண்மூட்டை அடுக்குவதற்கு ஒப்பாகும். வெள்ளத்தை அன்றைக்குத் தடுக்கும், கரையைக் கட்டியதாகாது.

தரவை மாற்றுகையில் காணும் இடர்கள்

டி.பி.எப். கோப்பின் அமைப்பு எளியது, உலகறிந்தது. தலைப்பகுதியில் எத்தனை பதிவுகள் உள்ளன, ஒவ்வொரு பத்தியின் பெயர், வகை, அகலம் என்ன என்பவை எழுதப்பட்டிருக்கும். அதன்பின் பதிவுகள் வரிசையாக நிற்கும். லிப்ரே ஆபீஸ் முதலிய இலவசச் சாதனங்களாலும் அதைத் திறந்து பார்க்கலாம். ஆயினும் பின்வரும் இடங்களில் இடறி விழுதல் எளிது.

(1) அழித்த பதிவுகள்: இவ்வகைக் கோப்பில் ஒரு பதிவை அழித்தால் அது மறைவதில்லை, அதன் முன்னே ஒரு நட்சத்திரக்குறி இடப்படும், அவ்வளவே. கோப்பைச் சுருக்கும் கட்டளை தரும்வரை அப்பதிவு அங்கேயே கிடக்கும். மாற்றும் நிரல் நட்சத்திரத்தைக் கவனியாவிட்டால், தவறென்று அழித்த கடன் உயிர்பெற்று எழுந்துவிடும்.

(2) தேதி: தேதிக்கெனத் தனிப்பத்தி வைத்திருந்தால் ஆண்டு நான்கு இலக்கங்களில் இருக்கும். இடத்தை மிச்சப்படுத்த ‘98’ என்று எழுத்தாகவே எழுதி வைத்த நிரல்களும் உண்டு. அன்றியும், 05/04/2003 என்பது நமக்கு ஏப்ரல் ஐந்து. அமெரிக்க வழக்கில் மே நான்கு. இயந்திரம் எவ்வழக்கைக் கொண்டுள்ளது என்று பாராமல் மாற்றினால் ஒரு மாத வட்டி முன்பின்னாகும்.

(3) எண்கள்: 00457 என்னும் அங்கத்தினர் எண்ணை அட்டவணை நிரலில் திறந்தால் முன்னுள்ள சுழிகள் உதிர்ந்து 457 ஆகக்கூடும். பிறகு அது பழைய பாஸ்புத்தகத்தோடு பொருந்தாது. மேலும் பணத்தைப் பின்ன இரும எண்ணாக வைக்கும் நிரல்களில் பத்துப் பைசாவைச் சரியாக எழுதவே இயலாது; மிக நெருங்கிய மதிப்பே நிற்கும். ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கூட்டும்போது பைசா பிசகும். பணத்திற்குத் தசம வகையை வகுத்தலே முறை.

(4) பெயர்கள்: பழைய நிரலில் பெயருக்கு இருபது இடமே ஒதுக்கியிருந்தால் நீண்ட பெயர் பாதியில் வெட்டுண்டிருக்கும். ஒரே ஊரில் ஒரே பெயருடையார் பலர் இருப்பர். ஆகையால் பெயரைக் கொண்டு கணக்குகளை இணைத்தல் ஆகாது. அங்கத்தினர் எண்ணைக் கொண்டே இணைத்தல் வேண்டும்.

(5) தமிழ் எழுத்து: இது நமக்கே உரிய இடர். டாஸ் காலத்தில் சீ-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டையைக் கணிப்பொறியில் செருகி இந்திய மொழிகளை எழுதினர். அது பின்பற்றிய இஸ்கி குறியீடு 1991-இல் இந்தியத் தர நிர்ணயமாயிற்று. யூனிகோடு முறை இந்திய எழுத்துகளுக்கு இடம் வகுத்தபோது இஸ்கியின் வரிசையையே தழுவிற்று. ஆதலின் இஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறுவது எளிது. ஆனால் பின்னாளில் வந்த தமிழ் எழுத்துருக்கள் பல தத்தமக்கெனத் தனிக் குறியீடு வைத்திருந்தன. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியீடுகளைத் தரமாக ஏற்றது. 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் ஏற்றது.

இங்கே வேறுபாடு எங்குள்ளது எனில், பழைய எழுத்துருக் குறியீடுகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்து நிற்கும்: ‘கெ’ என்பதற்கு முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ‘க’. யூனிகோடில் ஒலியின் வரிசை: முதலில் ‘க’, பிறகு கொம்பு. வெறும் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பெல்லாம் முந்திய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். எந்தக் குறியீட்டில் தரவு உள்ளதென அறிந்து, அதற்குரிய மாற்றியால் மாற்றி, கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆகிய வரிசைகள் வரும் பெயர்களைத் தேர்ந்து பார்த்தல் வேண்டும்.

நிரலில் ஒளிந்துள்ள விதிகள்

தரவு ஒரு பங்கென்றால், விதி மறுபங்கு. வட்டியை எவ்வாறு கணக்கிடுவது என்பது பழைய நிரலினுள் எழுதப்பட்டிருக்கும். காகிதத்தில் எங்குமே எழுதப்படாமலும் இருக்கும். ஓர் உதாரணம் காண்போம். ரூ. 10,000 கடன், நூற்றுக்கு ஆண்டொன்றுக்கு 12 வட்டி, 45 நாட்கள். ஆண்டுக்கு 365 நாள் எனக் கொண்டால் வட்டி ரூ. 147.95. ஆண்டுக்கு 360 நாள் எனக் கொண்டால் ரூ. 150. கடன் கொடுத்த நாளையும் திருப்பிச் செலுத்திய நாளையும் சேர்த்து 46 நாள் என எண்ணினால், 365 நாள் கணக்கில் ரூ. 151.23.

மூன்று விடைகளும் கூட்டல் பெருக்கலில் பிழையற்றவை. ஆனால் சங்கத்தின் துணைவிதிப்படி இவற்றில் ஒன்றே முறையானது. முதல் இரண்டிற்குமுள்ள வேறுபாடு ரூ. 2.05, இதே அளவுள்ள கடன் 1,200 பேருக்கு இருப்பின் ரூ. 2,460. அத்தொகை அங்கத்தினர் பையிலிருந்து சங்கத்திற்குச் செல்வதா, சங்கத்திலிருந்து அவர்களிடம் செல்வதா என்பதை ஓர் இயந்திரம் தன்போக்கில் தீர்மானிக்க விடலாமா? ஆகையால் மாற்றத்திற்கு முன்பே ஒவ்வொரு வகைக் கடனுக்கும் சேமிப்புக்கும் உரிய விதியை எழுதி, நிர்வாகக் குழுவின் முன் வைத்து, ஒப்புதல் பெறுதல் வேண்டும். பழைய நிரலே துணைவிதிக்கு முரணாகக் கணக்கிட்டு வந்ததாகத் தெரியவந்தால், அதையும் மறைக்காமல் தணிக்கையாளரிடம் கூறி நெறிப்படுத்துதல் வேண்டும்.

சரிபார்த்தல்

மாற்றிய கணக்கு சரியா என்று அறிய மூன்று சோதனைகள் போதும்.

முதற்சோதனை எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும். பழையதில் எத்தனை அங்கத்தினர், எத்தனை நடப்புக் கடன், நிலுவையின் மொத்தம் என்ன, வைப்புகளின் மொத்தம் என்ன என்று அச்சிட்டுக்கொள்க. புதியதிலும் அச்சிடுக. ஒரு பைசாவும் பிசகலாகாது. “சில ரூபாய்தானே” என்று விட்டுவிடுவது தகாது. ஒரு கணக்கில் ஆயிரம் கூடி மற்றொன்றில் ஆயிரம் குறைந்திருந்தாலும் மொத்தம் சரியாகவே தோன்றுமாதலின், கடன் வகைவாரியாகவும் ஊர்வாரியாகவும் பிரித்துக் கூட்டிப் பார்த்தல் நன்று.

இரண்டாம் சோதனை தனிக்கணக்குகள். குலுக்கல் முறையில் சில கணக்குகளையும், அவற்றோடு சிக்கலான கணக்குகளையும் எடுத்து வரிவரியாக ஒப்பிடுக. பகுதியாகச் செலுத்திய கடன், தவணை தவறிய கடன், மீட்டுத் திரும்பவும் வைத்த நகைக்கடன், இறந்த அங்கத்தினரின் வாரிசுக்கு மாறிய கணக்கு ஆகியவை சிக்கலானவை.

மூன்றாம் சோதனை அங்கத்தினரே செய்வது. ஒவ்வொருவருக்கும் அவரது நிலுவையையும் இருப்பையும் அச்சிட்டுக் கொடுத்து, பாஸ்புத்தகத்தோடும் ரசீதோடும் ஒப்பிடச் செய்க. எழுதப் படிக்க அறியாதவர்க்குப் படித்துக் காட்டுக. வேறுபாடு கூறவும் அதற்கு விடை பெறவும் நாள் குறித்து அறிவிப்பது சங்கத்தின் கடமையாகும். இச்சோதனைக்கு நிகரான சோதனை வேறில்லை; தன் கடனைத் தன்னைக் காட்டிலும் நினைவில் வைத்திருப்பவர் எவருமிலர்.

இணைத்து நடத்துதல்

சோதனைகள் முடிந்தபின், குறைந்தது ஒரு மாத முடிவையாவது கடக்கும்வரை பழையதிலும் புதியதிலும் ஒருசேரப் பதிவு செய்தல் வேண்டும். அன்றாடம் மாலையில் ரொக்க இருப்பை இரண்டிலும் பார்த்து ஒப்பமிடுதல் வேண்டும். ஊழியர்க்கு இது இரட்டை வேலை என்பது உண்மை. விதைப்பும் அறுவடையும் நெருக்கும் மாதங்களைத் தவிர்த்து, வரவு செலவு குறைந்த காலத்தைத் தேர்ந்தால் பளு குறையும். ஊழியர்க்கு முன்கூட்டியே பயிற்சி அளிப்பதும் அவசியம். பல ஆண்டுகள் பழைய திரையில் பழகிய எழுத்தர் புதிய திரையில் தயங்குவது இயல்பு. அவருடைய அனுபவமே சோதனைக்கு உரைகல் என்பதை உணர்ந்து அவரை முன்னிறுத்துதல் வேண்டும்.

அவசரத்தின் விளைவைப் பெரிய நிறுவனங்களிடத்தும் காணலாம். இங்கிலாந்தின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரல் மாதத்தில் ஒரு வார இறுதியில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய அமைப்பிற்கு ஒருசேர மாற்றிற்று. தரவு போய்ச் சேர்ந்தது. ஆனால் புதிய அமைப்பு தடுமாறிற்று. பதினெட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தம் கணக்கைத் திறக்க இயலாது தவித்தனர். அந்நாட்டு நிதி மேற்பார்வை அமைப்புகள் 2022 டிசம்பரில் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுன் அபராதம் விதித்தன. தரவு சேர்ந்தால் மட்டும் மாற்றம் நிறைவுறாது என்பதும், நாள் குறித்துவிட்டோம் என்பதற்காகச் சோதனையைச் சுருக்கலாகாது என்பதும் இதனால் விளங்கும்.

திரும்பும் வழியையும் வைத்திருத்தல் வேண்டும். புதிய நிரல் எந்நிலையில் கைவிடப்படும், பழையதற்கு எப்படித் திரும்புவது என்று முன்பே எழுதி வைத்தவர்க்கு நெருக்கடியில் பதற்றமில்லை.

மாற்றத்திற்குப் பின்

பழைய தரவின் பிரதியை அழித்தலாகாது. வழக்கோ தணிக்கையோ பல ஆண்டு கழித்தும் எழலாம். பிரதியைப் பழைய வடிவிலும், எந்த நிரலாலும் படிக்கத்தக்க எளிய எழுத்து வடிவிலும் வைத்து, பத்திகளின் பொருளை விளக்கும் குறிப்பையும் உடன் வைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத பிரதி உண்டென்று நம்புவது கண்ணால் காணாத களஞ்சியத்தை நம்புவதாகும்.

புதிய நிரலும் ஒருநாள் பழையதாகும். ஆகவே ஒப்பந்தம் செய்யும்போதே சில உறுதிகளைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்: தரவு சங்கத்தின் உடைமை, வேண்டும்போது முழுத் தரவையும் பொது வடிவில் வெளியே எடுக்க வழியிருத்தல் வேண்டும், தமிழ் யூனிகோடில் இருத்தல் வேண்டும், ஆதரவு முடியும் நாளை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். இவ்வுறுதிகள் எழுத்தில் இல்லாவிட்டால், நம் கணக்குப் பெட்டியின் சாவி பிறர் கையில் இருப்பதாகவே பொருள்.

சங்கத்தின் கணக்கு வெறும் எண்களின் தொகுப்பன்று. நாட்டுப்புறத்து மக்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையின் பதிவு அது. இயந்திரமும் இயங்குதளமும் மாறிக்கொண்டே இருக்கும். அப்பதிவு மட்டும் ஒரு பைசாவும் பிசகாது தலைமுறை தோறும் கைமாறி வரவேண்டும். நிர்வாகக் குழுவினரும், ஊழியரும், அங்கத்தினரும் ஒன்றுகூடி முயன்றால் இஃது எளிதில் கைகூடும் என்பதில் ஐயமில்லை.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. நமது சங்கத்தின் பழைய நிரல் எந்த இயங்குதளத்தில் ஓடுகிறது? அதன் மூலம் யாரிடம் உள்ளது?

2. தரவின் பிரதிகள் எத்தனை? அவை எங்கே உள்ளன? கடைசியாக எப்போது திறந்து பார்க்கப்பட்டன?

3. வட்டி கணக்கிடும் விதி எழுத்தில் உள்ளதா? துணைவிதியோடு அது பொருந்துகிறதா?

4. நமது தரவில் தமிழ் எந்தக் குறியீட்டில் உள்ளது?

5. மாற்றிய கணக்கை அங்கத்தினர் சரிபார்க்க என்ன ஏற்பாடு செய்யலாம்? எழுதப் படிக்க அறியாதவர்க்கு யார் துணை நிற்பது?